மாதம் 486 யூனிட் குடித்த மோட்டார்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமான் குடியிருப்பில் நீச்சல் குளம் உள்ள ஒரே வீடு எங்களுடையது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்துக்கே ஒரு குழாய். அம்மா இருட்டோடு பால்மரம் சீவப் போகும்போது என்னை வாளியோடு வரிசையில் நிற்க வைத்துவிட்டுத்தான் போவார். அந்தப் பையன் வீட்டில் இன்று 43,000 லிட்டர் தண்ணீர் சும்மா நிற்கிறது. "குளிக்கவா அண்ணே, இல்ல தீலாப்பியா வளர்க்கவா?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டதில் தப்பே இல்லை. ஒரு கட்டத்தில் அது மீன் குளம் மாதிரித்தான் இருந்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

குளம் என் யோசனை அல்ல. பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மகன் 2022-ல் வீட்டைப் பெரிதாக்கியபோது, பேரப்பிள்ளைகளுக்கென்று பின்பக்கம் கட்ட வைத்தான். மாதத்துக்கு இரண்டு தடவை வருவார்கள், குதிப்பார்கள், போவார்கள். கரண்டு பில் என் பெயரில் வரும்.

முதல் முழு மாதப் பில்லைப் பார்த்ததும் மீட்டரைத் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். நூறு வெள்ளி (ரிங்கிட்) சொச்சம் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு 350-க்கு மேல் வந்திருந்தது. நான் செம்பனை எண்ணெய் ஆலையில் மின்சாரப் பொறுப்பைப் பார்க்கும் சார்ஜ்மேனாக முப்பது வருடத்துக்கு மேல் மோட்டார்களோடு குடும்பம் நடத்தியவன். சந்தேகம் வந்தால் கையில் மின்சாரம் அளக்கும் கிளிப் மீட்டர் வந்துவிடும். அளந்தேன். ஒன்றரை குதிரைச் சக்தி பம்பு, 1.35 கிலோவாட் இழுத்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 16.2 யூனிட், மாதத்துக்கு 486. எங்கள் வீட்டின் மற்ற எல்லாம் சேர்ந்தே 350 யூனிட்தான். குளிர்சாதனம், குளிர்பெட்டி, மனைவியின் மாவரைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் இந்த ஒரு மோட்டார் தோற்கடித்திருந்தது. அன்றைய கட்டண முறை படிக்கட்டு மாதிரி. முதல் 200 யூனிட் 21.8 சென், 300-க்கு மேல் போனால் 51.6, 600-க்கு மேல் 54.6. வீடு ஏற்கெனவே 300-ஐத் தாண்டிவிட்டதால், பம்பு குடித்த ஒவ்வொரு யூனிட்டும் மேல்படி விலையில் விழுந்தது.

இந்தப் பன்னிரண்டு மணி நேரமே நான் குறைத்து வைத்ததுதான். குளம் கட்டிக் கொடுத்தவர் 24 மணி நேரமும் ஓட விடச் சொல்லியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "ஓடுற தண்ணி கெடாது சார்" என்றார். ஆற்றுக்குச் சரி. எங்கள் குளத்தில் ஓடுவது திரும்பத் திரும்ப அதே தண்ணீர்தானே?

சரி, எவ்வளவு நேரம்தான் வேண்டும்? குளம் எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.35 மீட்டர். பெருக்கினால் 43 கன மீட்டர். பம்பு, ஃபில்டர் தொட்டியிலுள்ள மணல் சுத்தமாக இருக்கும்போது, மணிக்கு 16 கன மீட்டர் தள்ளியது. ஆக மூன்று மணி நேரத்துக்குள் குளத்தின் கொள்ளளவு ஒரு முறை ஃபில்டர் வழியாகப் போய்விடும். ஆனால் ஒரு சுற்று போனால் எல்லாத் தண்ணீரும் வடிகட்டப்பட்டதாக அர்த்தம் இல்லை. வடிகட்டிய தண்ணீர் வடிகட்டாததோடு கலந்துகொண்டே இருக்கிறது. நன்றாகக் கலக்கும் குளத்தில் ஒரு சுற்றில் ஏறக்குறைய 63 விழுக்காடு தண்ணீர்தான் மணலைப் பார்த்திருக்கும். இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95, நான்கில் 98. முதல் இரண்டு சுற்றுக்குக் கொடுக்கும் காசுக்கு வேலை நடக்கிறது, அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் கடைசித் துளி அழுக்குக்கு. நான் ஓட்டிய பன்னிரண்டு மணி நேரம் என்பது நான்கரைச் சுற்று. ஆள் குளிக்காத வாரநாளில் அது யாருக்கு?

இந்தக் கணக்கு கைக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே அடியாக மூன்று மணி நேரத்துக்குக் குறைத்தேன். இரண்டு வாரம் குளம் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. மகனுக்குப் போன் போட்டுப் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

அப்புறம் 2023 தீபாவளி வந்தது, நவம்பர் 12. வீட்டில் பதினான்கு பிள்ளைகள். தீபாவளிக் காலையில் என் மனைவி ஒவ்வொரு தலையிலும் நல்லெண்ணெயை வழிய வழிய வைத்துத் தேய்த்தார். சீயக்காய் போட்டு அலச வேண்டிய பிள்ளைகள் பாத்ரூமில் வரிசை நீளமாக இருக்கவும், "குளத்துல அலசிக்கலாம் பாட்டி" என்று நேராகப் போய்க் குதித்துவிட்டன. பார்த்துக்கொண்டிருந்த நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். மாலைக்குள் குளத்தைச் சுற்றி ஓட்டு விளிம்பில் விரல் அகலத்துக்கு மஞ்சள் பிசுக்கு. சாயந்திரம் வழக்கமான மழை, கூரைத் தண்ணீர் குழாய் நிரம்பி, மனைவி வைத்திருந்த கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் போட்ட உரத்தையும் சாணியையும் அடித்துக்கொண்டு குளத்தில் இறங்கியது. புதன்கிழமை தரை தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பச்சை. சுவரைத் தொட்டால் வழுக்கியது.

மீட்க மூன்று நாள் இராப்பகலாக மோட்டார் ஓடியது. சுவரை பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் தோள்பட்டை விட்டுப்போனது. குளோரின் தூள், மற்ற மருந்து, தண்ணீர் எல்லாம் சேர்த்து 260 வெள்ளி. ஒரு மாதத்தில் மிச்சம் பிடித்தது 200-க்குள்தான்.

குற்றத்தை முழுக்க அந்த மூன்று மணி நேரத்தின் மேல் போடுவது நியாயமில்லை. தண்ணீரைச் சோதித்துப் பார்த்தபோது குளோரின் சுத்தமாக இல்லை. பாசியைக் கொல்வது குளோரின்தான், பம்பு அல்ல. பம்பு அந்த மருந்தைக் குளத்தின் எல்லா மூலைக்கும் கொண்டுபோகும் லாரி. லாரி நாள் முழுக்க ஓடியும் சரக்கு இல்லையென்றால் என்ன புண்ணியம்? நம் ஊர்த் தண்ணீர் வருடம் முழுக்க 28, 30 டிகிரியில் நிற்கிறது, பாசிக்கு லீவே கிடையாது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதி வைத்த நேர அட்டவணையை அப்படியே பிடித்துக்கொண்டால் அடிவாங்க வேண்டியதுதான். தண்ணீர்ச் சூட்டை இரண்டால் வகுத்தால் வரும் எண்ணிக்கை மணி நேரம் ஓட்டு என்று ஐரோப்பாவில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. நமக்கு அது தினமும் 15 மணி நேரம் என்று வரும். மருந்தைச் சரியாக வைத்திருப்பவருக்கு அவ்வளவு தேவையில்லை என்பதற்கு என் குளம் சாட்சி.

மருந்தில் நான் பார்ப்பது மூன்றே மூன்று. குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருக்க வேண்டும். பி.எச். 7.2 முதல் 7.6 வரை. அது 8-க்கு ஏறிவிட்டால் போட்ட குளோரினில் கால்வாசிகூட ஒழுங்காக வேலை செய்யாது. மூன்றாவது, ஸ்டெபிலைசர் என்கிற சயனூரிக் அமிலம், லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம். இது இல்லாத குளத்தில் நண்பகல் வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினை எரித்துவிடும். நான் அதைப் போடவே இல்லை, காலையில் போட்ட மருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆவியாகிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது குளோரினை மாலை ஆறு மணிக்கு மேல்தான் போடுகிறேன். மிதக்கும் டப்பாவில் போடும் பெரிய மாத்திரைகளில் ஸ்டெபிலைசர் உள்ளேயே இருக்கிறது, அதனால் அதையே வருடக் கணக்கில் போட்டால் அளவு ஏறிக்கொண்டே போய் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். குறைக்க வழி, தண்ணீரைக் கொஞ்சம் இறைத்துவிட்டுப் புதுசு விடுவதுதான்.

இந்தக் களேபரத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பாடம் வேறொன்று, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தீபாவளிக்கு அடுத்த நாள் பழக்கதோஷத்தில் கிளிப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். 1.35 இழுத்துக்கொண்டிருந்த மோட்டார் 1.1 கிலோவாட்தான் இழுத்தது. அட, மிச்சமாகிறதே என்று ஒரு நிமிடம் சந்தோஷம். பிறகுதான் ஆலை ஞாபகம் வந்தது. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பின் வால்வை இறுக்கினால் ஆம்பியர் இறங்கும், ஏனென்றால் பம்பு தள்ளும் தண்ணீரே குறைந்துவிடுகிறது. ஃபில்டர் தலையிலிருக்கும் பிரஷர் மீட்டரைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தபோது 12 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நின்ற முள் 24-ல். நல்லெண்ணெயும் தலைமுடியும் மணலைக் களிமண்ணாக்கியிருந்தன. தண்ணீர் வரவு பாதியாகியிருந்தது. முன்பு ஒரு கன மீட்டரை வடிகட்ட 0.084 யூனிட் செலவானது, இப்போது 0.14. பில் குறைவாக வரும், குளம் அழுகும். பில்லை மட்டும் பார்த்து மோட்டாரை மெச்சக்கூடாது.

அதனால் பேக்வாஷை, அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவதை, நாள் கணக்கில் செய்வதில்லை. மணல் சுத்தமாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறதோ அங்கே பெயின்ட்டால் ஒரு கோடு, அதிலிருந்து 8 முதல் 10 தள்ளி இன்னொரு கோடு. முள் இரண்டாவது கோட்டைத் தொட்டால் பேக்வாஷ். முதலில் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் வால்வுக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும், ஓடும்போது திருப்பினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் போய்விடும். கண்ணாடிக் குமிழில் தண்ணீர் தெளியும்வரை, இரண்டு மூன்று நிமிடம். பிறகு ரின்ஸில் அரை நிமிடம். மூன்று நிமிடத்துக்கே 800 லிட்டர் போய்விடுகிறது, அதனால் வாரம் தவறாமல் செய்வதும் வீண்தான். லேசாக அழுக்கேறிய மணல் இன்னும் பொடியாக வடிகட்டும் என்பதும் உண்மை.

பச்சைக் குளத்துக்குப் பிறகு அந்தப் பழைய பம்பையே தினம் ஐந்தரை மணி நேரம் ஓட்டினேன். இரண்டு சுற்று. மாதம் 223 யூனிட். குளம் சுத்தமாகத்தான் இருந்தது, உண்மையில் அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆலையில் வேகம் மாற்றும் டிரைவ் வந்த காலத்தில் கண்ணால் பார்த்த ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பம்பின் சுற்று வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியாகும், ஆனால் இழுக்கும் சக்தி பாதியல்ல, எட்டில் ஒன்றாகும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் அதே தண்ணீரைக் கால்பங்குச் செலவில் தள்ளிவிடலாம். குழாயில் மெதுவாகப் போகும் தண்ணீருக்கு உராய்வு அவ்வளவு குறைவு. சைக்கிளில் காற்றை எதிர்த்து மிதித்தவருக்கு இது புரியும்.

பழைய ஆலைக் கூட்டாளி ஒருவர், இருக்கிற மோட்டாருக்கே ஒரு டிரைவ் மாட்டிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். வீட்டுப் பம்பில் இருப்பது கபாசிட்டரோடு வரும் ஒற்றை ஃபேஸ் மோட்டார். ஆலையில் நாங்கள் மாட்டியதெல்லாம் மூன்று ஃபேஸ் மோட்டாருக்கானது. கண்டபடி மாட்டினால் கபாசிட்டர் சூடேறி வெடிக்கும். ஈரமான இடத்தில் பிள்ளைகள் நடமாடும்போது அந்த விளையாட்டு வேண்டாம். 2024-ல் கம்பெனியிலேயே வேகம் மாற்றும் வசதியோடு வரும் பம்பு ஒன்றை ஈப்போவில் 3,400 வெள்ளிக்கு வாங்கினேன்.

பாதி வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 1,450 சுற்றில், 230 வாட் இழுக்கிறது. ஏட்டுக் கணக்குப்படி 170 வரவேண்டும், டிரைவ் தனக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. பத்து மணி நேரம் இப்படி மெதுவாக ஓடினால் 2.3 யூனிட். காலையில் ஒரு மணி நேரம் முழு வேகம், 1.35. மொத்தம் மாதம் 110 யூனிட். மோட்டார் பக்கத்தில் நின்றால் ஓடுகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். இரவில் அந்த இரைச்சல் இல்லாததே பாதி விலைக்குச் சமம் என்கிறார் மனைவி.

போட்ட பணம் எப்போது திரும்பும்? கடைக்காரர் ஒன்றரை வருடம் என்றார். பன்னிரண்டு மணி நேரம் ஓடிய என் பழைய கதையோடு ஒப்பிட்டால் அது சரிதான், மாதம் 376 யூனிட், இருநூறு வெள்ளி மிச்சம். ஆனால் ஐந்தரை மணி நேரமாகக் குறைத்துவிட்ட பம்போடு ஒப்பிட்டால் மிச்சம் 113 யூனிட்தான், மாதம் 58 வெள்ளி. பணம் திரும்ப ஐந்து வருடம் ஆகும். இரண்டும் உண்மைக் கணக்குதான். வாங்கப் போகிறவர்கள் முதலில் பழைய பம்பின் டைமரைத் திருப்பிவிட்டு, இரண்டு மாதம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள். என்னை விடுங்கள், எனக்கு மோட்டார் பைத்தியம்.

2025 ஜூலையிலிருந்து கட்டண முறையே மாறிவிட்டது. படிக்கட்டு போய், எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு என்று தனித்தனியாக வருகிறது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு மூன்றும் சேர்ந்து 44.43 சென். எனக்கு முக்கியமாகப் படுவது 600 என்ற எண். அதற்குள் நின்றால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் கிடையாது, சேவை வரியும் கிடையாது. வீட்டுக்கு 350, குளத்துக்கு 110, ஆக 460. பேரப்பிள்ளைகள் வந்து குளிர்சாதனத்தை இரவெல்லாம் ஓட விட்டாலும் தாங்கும். நேரத்துக்கு ஏற்ற கட்டணத்துக்கு மாறலாமே என்று மகன் கேட்டான். அதில் வாரநாள் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை கூடுதல், மற்ற நேரமும் வாரயிறுதியும் குறைவு. வித்தியாசம் யூனிட்டுக்கு 4 சென் அளவுதான். 110 யூனிட்டையும் மலிவு நேரத்துக்குத் தள்ளினாலும் மாதம் நாலு வெள்ளி. கடையில் ஒரு தே தாரேக் டீயும் ரொட்டி சானாயும். அதற்காக வெயில் நேரத்தில் தண்ணீரைச் சும்மா நிற்க விட மனம் வரவில்லை.

அந்தக் காலை ஒரு மணி நேர முழு வேகத்தை மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். மெதுவாக ஓடும்போது, மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் வாயிலிருக்கும் சின்னக் கதவு அசையக்கூட அசையாது, மேலே மிதப்பது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். மூழ்கிய குப்பையை எடுப்பது மிதக்கும் குப்பையை எடுப்பதைவிடப் பத்து மடங்கு வேலை. இங்கே மிதப்பதற்கும் பஞ்சமில்லை. மழை விட்ட மாலையில் ஈசல் புறப்படும். ஒரு நாள் குளத்து விளக்கை அணைக்க மறந்து தூங்கிவிட்டேன். காலையில் தண்ணீருக்குமேல் தவிட்டு நிறத்தில் போர்வை மாதிரி இறகு. ஸ்கிம்மர் கூடையை மூன்று முறை கொட்டினேன், அப்படியும் பம்பு வாய்க் கூடையில் கஞ்சி மாதிரி அடைத்துக் காற்றை இழுத்துக் கடகடவென்றது. அன்றிலிருந்து மழை நாளில் ஏழு மணிக்குக் குளத்து விளக்கு கிடையாது, முன்வாசல் விளக்கு மட்டும். பிப்ரவரி, மார்ச்சில் பின்பக்கத்து பால்மரங்கள் இலை கொட்டும் காலத்தில் நைலான் வலையை இழுத்துக் கட்டிவிடுகிறேன். பம்பைக் கூட்டி ஓட்டுவதைவிட அது மலிவு.

ஆள் வராத வாரங்களில் மோட்டாரையே நிறுத்திவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நிற்கிற தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸின் முட்டை கொசுவாக வளர ஒரு வாரம் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பார்க்கலாம், அபராதமும் போடலாம். மெதுவேகத்தில் ஓடும் பம்புக்கு ஒரு நாளைக்கு ஒரு வெள்ளிதான் செலவு.

காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று கை வைக்கக்கூடாத இடங்கள் சில இருக்கின்றன. குளத்து மின்சாரத்துக்குத் தனியாக 30 மில்லியம்பியர் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்), மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பேன். அடி உறிஞ்சு வாயின் மூடி விரிசல் விட்டிருந்தால் அன்றைக்கு யாரும் இறங்கக்கூடாது, தலைமுடி இழுபடும். குளோரினை வாளித் தண்ணீரில் போட வேண்டும், குளோரின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. தூள் குளோரினையும் மாத்திரைக் குளோரினையும் ஒரே கரண்டியால்கூட எடுக்காதீர்கள், இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும். பி.எச். இறக்கும் அமிலமும் குளோரினும் சேர்ந்தால் வருவது நச்சுப்புகை. என் வீட்டில் அமிலம் முன்பக்கக் கொட்டகையில், குளோரின் பின்பக்கத்தில். இடையில் வீடே இருக்கிறது.

வியாழக்கிழமை மாலையானால் ஆழமான பக்கத்தில் மஞ்சள் இருபது சென் காசு ஒன்றைப் போடுவேன். 1.8 மீட்டர் ஆழத்தில் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் டைமரைத் தொடமாட்டேன். மங்கலாக இருந்தால் குளோரினைப் பார்ப்பேன், பிறகு பிரஷர் முள்ளை, இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் ஒரு மணி நேரம் கூட்டுவேன். பிள்ளைகள் வரும் சனி ஞாயிறுகளில் எப்படியும் இரண்டு மணி நேரம் கூடுதல். தீபாவளிக்கு எண்ணெய்த் தலைகளுக்காக வெளிக்குழாயடியில் ஒரு ஷவர் வைத்துவிட்டேன். அதன் முன்னால் வரிசை நீளமாகத்தான் இருக்கிறது, ஆனால் பாட்டி சீயக்காய்க் கிண்ணத்தோடு முன்னால் நிற்பதால் யாரும் தப்ப முடிவதில்லை.

மணல் போட்டு நான்கு வருடம் ஆகிறது. ஐந்து முதல் ஏழு வருடத்தில் மாற்ற வேண்டும் என்பார்கள். அந்த நல்லெண்ணெய்க்குப் பிறகு ஏழு தாங்காது என்று நினைக்கிறேன். தைப்பூச விடுமுறைக்கு மகன் வரும்போது தொட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். மூட்டை மூட்டையாக மணல் தூக்க என் முதுகு இனி ஒத்துக்கொள்ளாது.